ஏடிஎஸ்-பி வந்த பிறகும் ரேடார் எதற்கு?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். அமெரிக்காவில் முக்கியமான வான்பரப்புகளில் பறக்கும் விமானங்களுக்கு 2020 ஜனவரி 1 முதல் ஏடிஎஸ்-பி கட்டாயம். ஜிபிஎஸ்ஸில் கிடைத்த தன் இடத்தை விமானமே ஒலிபரப்பிவிடுகிறது. உங்கள் போனில் இருக்கிற இலவச ஆப்பிலேயே அது தெரிகிறது. அப்படியிருக்க, அதே அமெரிக்கா இப்போது அறுநூறுக்கும் மேற்பட்ட ரேடார்களை எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் போகிறது. பழைய பொருளுக்குப் புதுப்பணம் கொட்டுகிற வேலைதானே இது என்கிறீர்கள். நியாயமான சந்தேகம். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விமானம் தானே வாய் திறந்து சொல்லும்போது தரையிலிருந்து நாம் தேட வேண்டுமா என்பது ஒன்று. தேடத்தான் வேண்டுமென்றாலும் இத்தனை ரேடார் வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு நான் சொல்லப்போவது என் கருத்து மட்டும்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் கன்ட்ரோலர் இல்லை. மைக்கில் பேசி ஒரு விமானத்தைக்கூட இறக்கியதில்லை. அவர்கள் பார்க்கிற திரையில் புள்ளி தெரிய வேண்டுமே, அதற்காக ரேடார் கட்டடத்தில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குடியிருந்த எலக்ட்ரானிக்ஸ் ஆள். அதனால் என் பார்வை கொஞ்சம் இரும்பு, ஒயர், கிரீஸ் பக்கமாகவே சாயும்.

திருவிழாக் கூட்டத்தில் உங்கள் பையனைத் தொலைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வழி, மேடான இடத்தில் ஏறி நின்று கண்ணால் தேடுவது. பிரைமரி ரேடார் செய்வது அதைத்தான். ரேடியோ அலையை வீசி, விமானத்தின் உடம்பில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கிறது. இரண்டாவது வழி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இங்கே இருக்கேன்பா" என்று வரும் குரலை வைத்துத் திசை பிடிப்பது. இது செகண்டரி ரேடார். தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும். விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் 1090-இல் பதில் சொல்லும். மூன்றாவது வழியில் நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம். பையன் தானாகவே நொடிக்கு இரண்டு தடவை "நான் தேரடியில் நிற்கிறேன்" என்று கத்திக்கொண்டே இருக்கிறான். அதுதான் ஏடிஎஸ்-பி.

மூன்றாவது வழிதான் சுலபம் என்று தோன்றும். பல விதத்தில் அது உண்மையும்கூட. பிரைமரி ரேடாரின் கணக்கு கொடுமையான கணக்கு. அலை போகும்போதும் தேய்கிறது, திரும்பும்போதும் தேய்கிறது. அதனால் தூரத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் சக்தியைப் பதினாறு மடங்காக்க வேண்டும். இவ்வளவு செய்தும் திரையில் வெறும் புள்ளிதான். யார், எந்த உயரம் என்று அது சொல்லாது. செகண்டரியில் பதில் சொல்வது விமானமே என்பதால் சில நூறு வாட் டிரான்ஸ்பாண்டர் போதும்; இருநூறு கடல் மைலுக்கு அப்பாலிருந்தும் கேட்கும். நாலு இலக்க அடையாள எண்ணும் உயரமும் சேர்ந்து வரும்.

அந்த உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நாம் இந்தியாவிலேயே மிகக் கொடூரமாகத் தெரிந்துகொண்டோம். 1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி 747-உம், டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் இல்யூஷின்-76-உம் மோதின. 349 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். சவூதி விமானம் 14,000 அடியில். முதலாவது தனக்குச் சொன்ன உயரத்தைவிட்டுக் கீழே இறங்கிவிட்டது. அன்று டெல்லி கன்ட்ரோலரின் திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்குவது தெரிந்திருக்கும், உயரம் தெரியாது. பைலட் வாயால் சொன்னதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. அதன் பிறகுதான் உயரம் காட்டும் செகண்டரி ரேடாரும், விமானங்கள் ஒன்றையொன்று எச்சரித்துக்கொள்ளும் கருவியும் இங்கே தவிர்க்க முடியாதவை ஆயின. ரேடார் நவீனமாக்கலைப் பணக்கணக்காக மட்டும் யாராவது பேசினால் என் நினைவுக்கு முதலில் வருவது இதுதான்.

சரி, ஏடிஎஸ்-பிக்கு வருவோம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ரேடார் ஒரு திசையைக் கோணமாக அளக்கிறது. கோணத்தில் வரும் பிழை தூரத்தோடு விரிந்துகொண்டே போகும். பத்தில் ஒரு டிகிரி தவறினால் 60 கடல் மைலில் சுமார் 200 மீட்டர் பிசகும். 200 கடல் மைலில் 600 மீட்டருக்கு மேல். ஏடிஎஸ்-பியில் அந்த வியாதி கிடையாது. தரை நிலையம் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் விமானம் சொல்கிற இடம் அதே துல்லியத்தில் வரும். அதோடு ரேடார் ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும்: விமான நிலையத்தில் ஐந்து நொடி போல, நெடுந்தூர ரேடாரில் பன்னிரண்டு நொடி வரை. ஏடிஎஸ்-பி நிலையத்தில் சுற்றுகிற பொருளே இல்லை. ஒரு கம்பம், சின்ன ஆன்டெனா, ஒரு பெட்டி. ரேடார் வைக்கக் கட்டுப்படியாகாத பாலைவனத்தில்கூட வைக்கலாம். ஆஸ்திரேலியா அப்படித்தான் 2009 டிசம்பரில் கண்டம் முழுவதற்கும் உயர்மட்ட வான்வெளியைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன் அங்கே ரேடார் என்பது கிழக்குக் கரையோரமும் பெரிய நகரங்களின் சுற்றுப்புறமும்தான்.

கடலில் லாபம் இன்னும் பெரிது. பூமி உருண்டை, ரேடியோ அலை நேர்கோடு. 35,000 அடியில் பறக்கும் விமானம் தரையிலுள்ள ஆன்டெனாவுக்குச் சுமார் 230 கடல் மைல் வரைதான் தெரியும். 1,000 அடியில் பறந்தால் 40-க்குள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அதனால் நடுக்கடல் என்பது எங்களுக்கெல்லாம் இருட்டு. பைலட் கரகரக்கும் ரேடியோவில் இடம் சொல்வார். இரண்டு விமானங்களுக்கு நடுவே பத்து நிமிடம், ஐம்பது எண்பது மைல் என்று தாராளமாக இடைவெளி விட்டுத்தான் ஓட்டினார்கள். ஏரியான் நிறுவனம் 66 இரிடியம் செயற்கைக்கோள்களில் ஏடிஎஸ்-பி ரிசீவரை ஏற்றி 2019-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு வட அட்லாண்டிக்கில் அந்த இடைவெளி 20 மைலுக்கும் கீழே வர முடிந்தது. அதே ஆண்டுக் கடைசியில் இந்தியாவும் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. வங்காள விரிகுடாவை வைத்துக்கொண்டிருக்கிற நமக்கு அது தேவையான வேலைதான்.

இவ்வளவும் சரி என்றால் ரேடாரைக் கழற்றிவிட வேண்டியதுதானே? இங்கேதான் திருவிழாப் பையனிடம் திரும்ப வர வேண்டும். "தேரடியில் நிற்கிறேன்" என்று அவன் கத்துகிறான். அவன் பொய் சொல்கிற பையன் இல்லை. ஆனால் யாரோ குளத்தங்கரையில் அவனை நிறுத்தி, "இதுதான்டா தேரடி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால்? அவன் அதே உண்மையோடு தவறான இடத்தைக் கத்திக்கொண்டிருப்பான். போலி ஜிபிஎஸ் சிக்னல் வீசினால் விமானத்துக்கு நடப்பது இதுதான். 2024-இல் இஸ்ரேல், லெபனான் பக்கம் பறந்த விமானங்கள் பலவும், தாங்கள் பெய்ரூட் விமான நிலையத்தில் இருப்பதாகத் தங்கள் கருவியில் கண்டன. பால்டிக், கருங்கடல், வளைகுடா என்று போர் நடக்கும் பகுதிகளின் சுற்றுவட்டம் முழுக்க இது வாடிக்கையாகிவிட்டது. போர் நடக்காத இடத்திலும் வந்துவிட்டது. டெல்லி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்குப் போலி ஜிபிஎஸ் தொல்லை ஏற்பட்டதாக 2025 டிசம்பரில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஜிபிஎஸ் கெட்டால் பைலட் வழி பார்ப்பதும் கெடுகிறது. அந்த நேரத்தில் அவருக்கு உதவ வேண்டிய கன்ட்ரோலரின் திரையும் ஏடிஎஸ்-பியை மட்டும் நம்பியிருந்தால் அதுவும் சேர்ந்தே கெடும். உதவி கேட்கிறவரும் உதவுகிறவரும் ஒரே பள்ளத்தில் விழுகிற கதை. ரேடார் தூரத்தையும் திசையையும் தானே அளக்கிறது. அதற்கு ஜிபிஎஸ் தேவையில்லை. விமானத்தின் அபிப்பிராயமும் தேவையில்லை. என் முதல் பதில் முழுக்க இதில்தான் நிற்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஏடிஎஸ்-பி செய்தியில் கையெழுத்தோ பூட்டோ கிடையாது. வந்த செய்தி உண்மையான விமானத்திலிருந்துதான் வந்ததா என்று அந்தச் செய்தியை வைத்தே சொல்ல முடியாது. வேறொரு அளவீட்டோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். ரேடார் அந்த ஒப்பீட்டைத் தரும். ஒரே சிக்னல் நாலைந்து தரை ரிசீவர்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டு இடம் பிடிக்கிற மல்டிலேட்டரேஷன் முறையும் தரும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும் என்பதால் அதற்குக் கடிகாரங்கள் மிகத் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். அந்தக் கடிகாரங்களைப் பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸை வைத்துத்தான் ஒத்துப்போகச் செய்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

அப்புறம், வாயே திறக்காத பையன்கள். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் மூன்றில் டிரான்ஸ்பாண்டர் அணைக்கப்பட்டது. பென்டகனில் மோதிய விமானம் இண்டியானாபோலிஸ் மையத்தின் திரையிலிருந்து மறைந்தது. பிரைமரி எதிரொலியும் அங்கே 8 நிமிடம் 13 நொடிகளுக்குக் கன்ட்ரோலர்களுக்குக் காட்டப்படவில்லை என்று விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. 2014 மார்ச் 8 அதிகாலை 1:21-க்கு, காணாமல் போன மலேசிய விமானம் எம்எச்370 செகண்டரி திரையிலிருந்து போனது. அது திரும்பி மலேசியத் தீபகற்பத்தைக் கடந்து அந்தமான் கடல் பக்கம் போனதை 2:22 வரை காட்டியது ராணுவத்தின் பிரைமரி ரேடார்தான். அந்தப் பழைய முறை இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் நமக்குத் தெரிந்திருக்காது. கடைசியாக 2025 ஜனவரி 29, வாஷிங்டன். பொட்டோமாக் ஆற்றுக்கு மேல் பயணி விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அந்த ஹெலிகாப்டர் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பவில்லை. ஆனாலும் டிரான்ஸ்பாண்டர் பதில் சொன்னதால் கன்ட்ரோலரின் திரையில் தெரிந்தது. தெரிந்தும் விபத்து நடந்தது. ஆகவே ரேடார் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை.

ரேடாருக்கும் அதன் நோய்கள் உண்டு. பிரைமரி எல்லாவற்றையும் பார்க்கும்: பறவை, மழை, மலை, நெடுஞ்சாலை லாரி, இப்போது காற்றாலை இறக்கை. அத்தனையும் காட்டினால் கன்ட்ரோலருக்குத் தலை சுற்றும் என்று மெதுவாக நகர்வதையெல்லாம் வடிகட்டித் தள்ளிவிடுவோம். 2023 பிப்ரவரியில் சீன பலூனைச் சுட்ட பிறகு அமெரிக்கப் பாதுகாப்புப் படை அந்த வேக வடிகட்டியைத் தளர்த்தியது. உடனே வானத்தில் புதுப்புதுப் பொருள்களாகத் தென்பட ஆரம்பித்தன. முன்பும் அவை இருந்திருக்கும், நாம்தான் பார்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தோம். செகண்டரியின் நோய் வேறு விதம். கேள்வி கேட்கிறவர்கள் கூடிப்போனால் பதில் சொல்கிறவனுக்கு மூச்சு முட்டும். 2014 ஜூன் 5, 10 தேதிகளில் ஆஸ்திரியா, ஜெர்மனி, செக் பகுதிகளில் பல விமானங்கள் திரையிலிருந்து காணாமல் போய்ப்போய் வந்தன. தரையிலிருந்த ஏதோ ஒரு கருவி டிரான்ஸ்பாண்டர்களைத் தாங்க முடியாத வேகத்தில் கேள்வி கேட்டதுதான் காரணம் என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வு சொன்னது. ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் தனி முகவரி கொடுத்து, பெயர் சொல்லி ஒருவரை மட்டும் கூப்பிடும் மோட்-எஸ் முறை பரவியதற்கு இந்த நெரிசலும் ஒரு காரணம். புது ரேடார் வாங்குவது என்றால் பழைய கூச்சல் பேர்வழியை அனுப்பிவிட்டு நாசூக்காகக் கேட்கிறவரை வைப்பது என்றும் அர்த்தம்.

இனி பழசு என்றால் என்ன என்பதைப் பற்றி. இது என் வயிற்றுப்பாட்டு விஷயம், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். டன் கணக்கில் எடையுள்ள ஆன்டெனா நிமிடத்துக்கு 12 தடவை சுற்றுகிறது என்றால் வருடத்துக்கு 63 லட்சம் சுற்று. வெயில், மழை, உப்புக்காற்று, புயல், எதற்கும் லீவு கிடையாது. பேரிங் தேய்வதை நாங்கள் முதலில் காதால்தான் கண்டுபிடிப்போம். அப்புறம் கியர்பாக்ஸ் எண்ணெயை எடுத்து இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்ப்போம். ஆனால் இயந்திரப் பகுதியைக்கூட எப்படியாவது ஓட்டிவிடலாம். சாவடிப்பது எலக்ட்ரானிக் கார்டுகள். நான் இருந்த ஒரு நிலையத்தில் சிக்னல் பிராசசர் கார்டு ஒன்று போயிற்று. தயாரித்தவர்களைக் கேட்டால், அந்தச் சிப்பையே நிறுத்திப் பல வருடம் ஆயிற்று என்றார்கள். வேறொரு ஊரில் ஓய்வு கொடுத்துக் கிடப்பில் போட்டிருந்த ரேடாரிலிருந்து அந்தக் கார்டைக் கழற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு சக ஊழியர் வந்தார். பொருத்தினோம், ஓடியது. அடுத்த தடவை கழற்ற இன்னொரு பிணம் இருக்குமா என்பதுதான் அப்போது எங்கள் கவலை.

அமெரிக்காவின் பிரச்சினையும் பெரிய அளவில் இதேதான். அங்குள்ள 138 விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் 51 இனித் தாங்காது, இன்னொரு 54 தாங்குமா என்பது சந்தேகம் என்று அவர்களுடைய அரசுத் தணிக்கை அமைப்பு 2024 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. அடுத்த ஏப்ரல் 28 அன்று நியூவார்க் விமானங்களைக் கையாளும் பிலடெல்பியா கன்ட்ரோலர்களுக்குச் சுமார் 90 நொடி திரையும் இல்லை, பேச்சும் இல்லை. அப்போது கோபுரத்தின் மேல் ரேடார் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் தகவலைக் கொண்டுவந்த பழைய தொலைத்தொடர்பு இணைப்புதான் அறுந்தது. இந்தக் களேபரத்துக்குப் பிறகு மே 8 அன்று அறிவித்த திட்டத்தில் 618 ரேடார்களோடு, 4,600-க்கும் மேற்பட்ட இடங்களில் புது ஃபைபர், வயர்லெஸ், செயற்கைக்கோள் இணைப்பு, 25,000 ரேடியோக்கள் என்று இருந்ததைக் கவனியுங்கள். செய்தியில் ரேடார் எண்ணிக்கைதான் அடிபட்டது. என்னைக் கேட்டால் அந்த 4,600 இடத்து ஒயர்தான் முதல் வேலை. நம் ஊரிலும் 2025 நவம்பர் 6, 7 தேதிகளில் டெல்லியில் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமானது ரேடார் பழுதால் அல்ல. விமானப் பயணத் திட்டங்களை அனுப்பும் செய்திப் பரிமாற்றக் கணினி படுத்ததால்.

இரண்டாவது கேள்வி, இத்தனை ரேடார் தேவையா? இங்கிருந்து என் கருத்து. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி, மூன்று மைல் இடைவெளியில் விமானங்களை வரிசை கட்டும் இடத்தில், பிரைமரி, செகண்டரி, ஏடிஎஸ்-பி மூன்றும் வேண்டும். அங்கே ரேடார் தரும் மழைப் படமும் கன்ட்ரோலருக்கு உடனடி உபயோகம். நடுவழியில், உயரத்தில், செகண்டரியும் ஏடிஎஸ்-பியும் போதும். அங்கே பிரைமரி வைப்பது உண்மையில் ராணுவத்தின் தேவை. அந்தச் செலவை அந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். ஒன்றின் பரப்பு இன்னொன்றின் மேல் மூன்று நான்கு அடுக்காக விழும் இடங்களில் எண்ணிக்கையைக் குறைக்கலாம். அதனால் பழைய ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் புதிது ஒன்று என்று போனால் அது பொறியியல் முடிவாக எனக்குத் தெரியாது. அவசரத்தின் முடிவாகத்தான் தெரியும். என்னோடு உடன்படாத, என்னைவிட விஷயம் தெரிந்த நண்பர்கள் இருக்கிறார்கள். ஜிபிஎஸ் தொல்லை இந்த வேகத்தில் போனால் அடுக்கு எவ்வளவு இருந்தாலும் நல்லது என்பது அவர்கள் வாதம். அதையும் என்னால் தள்ள முடியவில்லை.

கெடுவில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. 2026 ஜனவரியில் அமெரிக்காவில் ஆர்டிஎக்ஸ், இந்திரா என்ற இரு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து, 612 ரேடார்கள் வரை 2028 ஜூனுக்குள் மாற்றுவதாகச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் ஒன்றரை நாளைக்கு ஒரு ரேடார். தரையில் அடித்தளம் தொடங்கி, கருவி ஏற்றி, பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டிப் பார்த்து, சோதனை விமானம் பறந்து, கன்ட்ரோலர் நம்பிக் கையெழுத்துப் போடும்வரை ஒரு ரேடாருக்கு இரண்டு வருடம் ஆனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கோபுரமும் இடமும் தயாராக இருக்கின்றன, ஆளும் பணமும் அதிகம். என்றாலும் பழையதை அணைப்பதற்கு முன் புதியதோடு சேர்த்து ஓட்டும் அந்தச் சில வாரங்களை யாராலும் சுருக்க முடியாது, சுருக்கவும் கூடாது.

கடைசியாக உங்கள் ஆப். அதில் தெரிகிற விமானங்களில் பெரும்பாலானவை, உங்களைப் போன்ற ஆர்வலர்கள் மொட்டை மாடியில் வைத்திருக்கும் சின்ன ரிசீவர்கள் பிடித்த ஏடிஎஸ்-பி சிக்னல்கள்தான். ஃபிளைட்ரேடார்24-இல் ஒரு விமானத்தைத் தொட்டு, தகவல் எங்கிருந்து வருகிறது என்ற வரியைத் தேடிப் பாருங்கள். சென்னைக்கு மேலே ஏடிஎஸ்-பி என்றிருக்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தை வங்காள விரிகுடா நடுவே தொட்டால் சில நேரம் செயற்கைக்கோள் என்றும், சில நேரம் உத்தேசம் என்றும் வரும். உத்தேசம் என்றால் யாரும் அந்த விமானத்தை அந்த நொடியில் பார்க்கவில்லை. இந்நேரம் இங்கே இருக்கும் என்று கணினி போட்ட கணக்கில் அந்தச் சின்னப் படம் நகர்ந்துகொண்டிருக்கிறது.